லாபுத் தோட்டத்து வலைப்பைகள்

மலாயாவில் குளிரே கிடையாது என்று எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை. "மழை பெய்யும்ல? பெஞ்சா குளிரும். பின்னு" என்று சொல்லிவிட்டாள். அக்காவின் மூன்று குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டாக ஆறு கம்பளி ஸ்வெட்டர். குன்னூர் மலையைவிட்டுக் கீழே இறங்காதவளிடம் வேறு என்ன பேசுவது? பின்னினேன்.

பின்னுவது எனக்குப் பாரமில்லை. தொழிலே அதுதான். கடைவீதியில் அப்பா வைத்த கம்பளிக் கடையில், துரைமார் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் தொப்பியும் காலுறையும் பதினைந்து வயதிலிருந்து பின்னிக்கொண்டிருக்கிறேன். அக்கா ருக்மணி கல்யாணமாகி நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனாள். நடுவில் யுத்தம் வந்தது. கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து மறுபடி கடிதம் வரத் தொடங்கியதும், அங்கே அவசரகாலம் என்று ஒன்று வந்துவிட்டது. காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், வெளியே வெள்ளைக்காரப் பட்டாளம். "கம்பி வேலிக்குள்தான் இருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தாள். அம்மா முதல் பாதியை நம்பினாள், இரண்டாவது பாதியை நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னைக் கப்பலேற்றிவிட்டாள்.

அக்காவின் தோட்டம் இருந்த லாபுவுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே நாகூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் நெத்திலிச் சம்பலும் எனக்குப் பாதி கொடுத்தார். வளைவில் ரயில் திரும்பியபோது ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினார்.

"முன்னால ஒரு சின்ன வண்டி போவுது பாத்தீங்களா, தம்பி? இரும்புத் தகடு போட்டது. தண்டவாளத்துல வெடி இருந்தா அது வெடிச்சிரும். நாம பொழச்சோம்."

"அந்த வண்டிக்குள்ள இருக்கிறவங்க?"

"அவங்களுக்குச் சம்பளம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு விரலை நக்கினார்.

சம்பல் உறைத்தது. அந்த ஒரு பொட்டலத்துக்காகவே திரும்ப வரலாம் போலிருந்தது.

ஸ்டேஷனுக்கு அத்தான் வந்திருந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. எந்நேரமும் சட்டைப்பையில் இரண்டு பேனா. தோட்டத்து லாரியில் ஏறினோம். அதற்கும் இருபுறமும் இரும்புத் தகடு. குண்டு துளைக்காது என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். முதல் மேட்டிலேயே லாரி மூச்சுவாங்கி நின்றுவிட்டது. தகட்டின் கனத்தில் அது ஏறவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இருபுறமும் வரிசை வரிசையாக ரப்பர் பால்மரங்கள். அவற்றுக்கு அப்பால் காடு. அந்தக் காட்டைப் பார்க்காமல் தள்ளுவதற்கு எல்லோரும் பழகியிருந்தார்கள். நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டே தள்ளினேன்.

தோட்டத்து வாசலில் இரட்டை முள்வேலி. காவல்காரர் என் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக உதறினார். பிறகு என் பின்னல் ஊசிகள் கைக்கு அகப்பட்டன. எட்டு எஃகு ஊசி, முழ நீளம். அவர் முகம் மாறியது. அத்தான் மலாயில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் காக்கிச் சட்டையும் தலைத்துணியுமாக ஒரு மலாய்ப் பெண் நின்றிருந்தாள். பெண்களைச் சோதிக்க வைத்திருந்த ரொக்கியா. தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்தவள்; தமிழ் பாதி பேசுவாள். ஊசியை வாங்கிப் பார்த்தாள்.

"இது பின்ற ஊசி லா" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆம்பளையா பின்றது?"

"ஆமாம்மா. நான்தான் பின்றது."

சோதனைக் கொட்டகை முழுவதும் சிரித்தது. ஊசிகள் திரும்பிவிட்டன.

அக்கா என்னைப் பார்த்து அழுதாள், பிறகு ஸ்வெட்டர்களைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தைகள் மாமா கொண்டுவந்தது என்று மரியாதைக்காகப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிய வாசலில் நின்றார்கள். அன்று மாலை சார்டின் மீன் குழம்பு. தோட்டத்துக் கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் அதிலே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டுமாம். ஓட்டை விழுந்த டின்னை யாரும் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க முடியாது. "அதனால அன்னைக்கே தின்னுரணும். நல்லதுதானே" என்றாள் அக்கா. குன்னூரில் விருந்தாளி வந்தால் டின்னைத் திறக்கலாமா வேண்டாமா என்று அம்மா அரைமணி நேரம் யோசிப்பாள்.

மறுநாள் விடியற்காலை அத்தானோடு பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அது வாசலுக்கு வெளியே ஒரு மேட்டில் நடந்தது. அங்கே போக வாசலைத் தாண்ட வேண்டும், வாசலைத் தாண்டச் சோதனை. அரிசி, ரொட்டி, சர்க்கரை, கிழங்கு எதுவும் வேலிக்கு வெளியே போகக் கூடாது. காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடும் என்பது சர்க்காரின் பயம். பால் வெட்டுகிறவர்கள் விடிந்ததிலிருந்து நடுப்பகல்வரை வெறும் தண்ணீரோடு நிற்க வேண்டியதுதான்.

பெண்கள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் துணிமூட்டை. ரொக்கியா ஒவ்வொன்றையும் அவிழ்த்து, உதறி, தரையில் பரப்பிப் பார்த்தாள். ஐந்தாவதாக நின்றவளின் மூட்டையிலிருந்து பால் வெட்டும் உளி, தண்ணீர்ப் போத்தல், வெற்றிலை, சீப்பு, மார்பு நனைந்தால் துடைக்க ஒரு பழந்துணி எல்லாம் சேற்றில் விழுந்தன. கடைசியாகத் துணியின் தையலிலிருந்து ஒரு காய்ந்த மரவள்ளித் துண்டு விழுந்தது. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்.

காவல்காரர் அதைக் குனிந்து எடுத்தார்.

"பிள்ளைங்க தின்னுட்டுப் போட்டது, சார். நான் பாக்கல" என்றாள் அவள். பெயர் தைலம்மா. மூன்று பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவளைத் தனியே நிறுத்தி மறுபடி தலைமுதல் கால்வரை தடவினார்கள். "இன்னொரு தடவை இருந்தா எழுதணும், தைலம். நான் சும்மா விட முடியாது" என்றாள் ரொக்கியா, அவள் முகத்தைப் பார்க்காமல். எழுதினால் போலீஸ் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்குப் போனவர்கள் சிலர் நேராகக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பப்பட்டார்கள் என்று அத்தான் என் காதில் சொன்னார்.

தைலம்மா பெரட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அவளுக்கு அரைப் பேர் சொல்ல, அத்தான் எழுதிவிட்டார். அரை நாள் கூலி போயிற்று. அவள் நேராக அத்தான் முன்னால் வந்து நின்றாள்.

"கிராணி ஐயா, நானா லேட்டு? நிக்கவச்சது அவங்க. பேர வெட்டுறது நீங்க. நல்லா இருக்கு ஞாயம்!"

அத்தான் பேனாவைத் திருகிக்கொண்டு நின்றார். அவள் உளியைச் சேலையில் துடைத்துக்கொண்டு தன் மர நிரைக்குப் போனாள்.

நான் அன்று முழுவதும் அந்தத் துணிமூட்டையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். குன்னூர்ச் சந்தைக்குத் துரைசானிகள் வலைப்பை கொண்டு வருவார்கள். உருளைக்கிழங்கும் காரட்டும் பட்டாணியும் வெளியே தெரியும். எந்தப் பங்களாவில் இன்று என்ன சமையல் என்பது கடைவீதிக்கே தெரிந்துவிடும். வேடிக்கையாகப் பார்த்த அந்தப் பை இந்த வாசலுக்கு எவ்வளவு பொருத்தம்! கண்ணுக்குத் தெரிகிறதை எதற்கு அவிழ்த்துப் பார்க்க வேண்டும்?

கம்பளி நூல் இதற்கு உதவாது. மழையில் நனைந்தால் முழங்கால்வரை தொங்கிவிடும். அக்காவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து தன் கூறைப் புடவையை எடுத்துவந்தாள். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. ஜப்பான்காரன் இருந்தபோது மண்ணில் புதைத்து வைத்திருந்ததில், மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போயிருந்தது.

"கட்ட முடியாததை வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? கிழி."

"அக்கா, கல்யாணப் புடவை..."

"கல்யாணம் பண்ணுனவர் இருக்காருல்ல. கிழிடா."

கிழித்தேன். பட்டு கிழியும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அண்டை வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விரல் அகலத்துக்கு நீளவாட்டில் கீற்றுகளாக எடுத்து, ஈரமாக்கி, கொட்டாங்கச்சி வட்டத்தில் மூங்கில் குச்சி சொருகித் தக்களி செய்து முறுக்கினேன். சிவப்பும் பச்சையும் கலந்து, கையில் பிடித்தால் வழுக்கும் கயிறு ஒன்று கிடைத்தது. எஃகு ஊசி இதற்கு மெல்லிசு. சுண்டுவிரல் பருமனில் இரண்டு மூங்கில் ஊசி சீவிக்கொண்டேன். இரண்டு கண்ணி போட்டு, வலைக்கண் விழ ஒரு கண்ணியை வேண்டுமென்றே நழுவவிட வேண்டும். கடையில் அப்பா இதைப் பார்த்திருந்தால் தலையில் குட்டியிருப்பார். சாயங்காலத்துக்குள் பை முடிந்தது. கைக்குள் மடங்கும், பொருளைப் போட்டால் விரியும்.

தைலம்மாவிடம் கொடுத்தேன். அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அதன் வழியே என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க இது? மீனு புடிக்கவா அனுப்புறீங்க?"

"இதுல போட்டுக்கிட்டு வாசலுக்குப் போங்க. எதையும் அவிழ்க்க வேண்டியதில்ல."

அவள் அந்தப் பையை நீவிப் பார்த்தாள். "பட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை நான் சோதனைக் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வேடிக்கை பார்க்க வந்ததாக அத்தானிடம் சொன்னேன். ரொக்கியா பையை ஒரு விரலில் தூக்கினாள். விளக்குக்கு நேரே காட்டினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். உளி, போத்தல், வெற்றிலை, சீப்பு, துணி எல்லாம் தெரிந்தன. அவிழ்க்க முடிச்சு இல்லை, உதறத் துணி இல்லை.

"சரி. போ" என்றாள்.

காவல்காரருக்கு மனசு ஒப்பவில்லை. தைலம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு அவரும் ஒருமுறை பையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தார். தைலம்மா பையை ஆட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். அன்று அவளுக்கு முழுப் பேர்.

அன்று மத்தியானமே எட்டுப் பெண்கள் அக்கா வீட்டு வாசலில் நின்றார்கள். மறுநாள் பதினைந்து பேர். பழைய பட்டு எங்கிருந்துதான் வந்ததோ! ஒருத்தி கிழிந்துபோன கல்யாண ரவிக்கைகளைக் கொண்டுவந்தாள். ஒருத்தி புருஷன் கூத்தில் ராஜா வேஷம் கட்டிய பட்டுத் துண்டைக் கொண்டுவந்தாள், புருஷனுக்குத் தெரியாது. மாரியம்மன் கோயில் பூசாரி, அம்மனுக்குச் சாத்திப் பழசாகிப்போன மஞ்சள் பட்டை மடித்து அனுப்பியிருந்தார். "அம்மனும் ஆட்களோட பால் வெட்டப் போயி வரட்டும்" என்று சொல்லியனுப்பினாராம்.

அப்படியும் பட்டு போதவில்லை. தைலம்மா ஒரு நாள் வேலை முடிந்து வந்து, அக்கா வீட்டுப் பின்புறம் இருந்த அன்னாசிச் செடியில் நீளமான இலைகளாகப் பத்து அறுத்தாள்.

"பட்டு இல்லன்னா என்னா? இது இருக்கே. ஜப்பான்காரன் காலத்துல ரவிக்க தைக்க நூலு ஏது? இதான்."

உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையைப் பலகைமேல் வைத்து வழித்தாள். பச்சைத் தோல் சுருண்டு வர, உள்ளே வெள்ளை நார் மினுங்கியது. கொட்டாங்கச்சி விளிம்பால் மறுபடி வழித்து, தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். நானும் வழித்துப் பார்த்தேன். இலை முள் கையைக் கீறியது, நார் துண்டு துண்டாக வந்தது.

"குன்னூருல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

நான்காவது நாள்தான் எனக்கு முழு நார் வந்தது. பட்டு வழுக்கும், அன்னாசி நார் விறைப்பாக நிற்கும். அதனால் உடலுக்குப் பட்டு, கைப்பிடிக்கு நார். இரண்டையும் சேர்த்த பிறகு பை தோளில் நிலைத்து நின்றது.

வீட்டில் எங்கு பார்த்தாலும் நூல். சோற்றில்கூட ஒருமுறை பட்டு இழை வந்தது. அத்தான் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது கிராணி வீடா, வலைக் கடையா?" என்று கேட்டார். ஆனால் பெரட்டில் அரைப் பேர் குறைந்திருந்தது. வெட்டுகிற பேனா அவர் கையில் இருந்ததால், அது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் ரொக்கியா வந்தாள். காக்கிச் சட்டை இல்லை. பூப்போட்ட பாஜுச் சட்டையும் சாரோங் கைலியும். தாழை ஓலைக் கூடை நிறைய ரம்புத்தான் பழம். பழங்களை எடுத்து அக்கா முன்னால் குவித்தாள். அடியில் வெள்ளைத் துணி ஒன்று மடித்து இருந்தது.

"அம்மாவோடது. பழசு. இதுலயும் பை பண்ணலாமா?"

கையில் எடுத்து இழுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு பட்டை நான் தொட்டதில்லை. காற்றைப் போல லேசு, இழுத்தால் இம்மிகூட அசையாது. எந்த ஊர்ப் பட்டு என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவள் கிளம்பிய அவசரத்தை நான் கவனிக்கவில்லை. துணி முக்கோணம் முக்கோணமாக வெட்டி இணைக்கப்பட்டிருந்தது. இணைப்புகளில் இரட்டை இரட்டையாக அழுத்தமான தையல். எந்தத் தையற்காரன் உடுப்புக்கு இப்படித் தைப்பான் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சந்தோஷமாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் ஆபீசிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார். என் மடியில் கிடந்த ஒரு மூலையில் கறுப்பு மையில் எண்களும் எழுத்துகளும் அச்சடித்திருந்தன.

"பழனி, இது எங்கேயிருந்து வந்துச்சு?"

சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இது பாராசூட்டு. யுத்தம் முடியிற நேரத்துல ப்ளேன்லேர்ந்து காட்டுக்குள்ள ஆளும் பெட்டியும் எறக்குனாங்க. ஜப்பான்காரன எதுத்தவங்களுக்கு. அன்னைக்கு அத வாங்குனவங்கதான் இன்னைக்குக் காட்டுல இருக்கறவங்க. இப்ப இந்தத் துணி ஒருத்தன் வீட்டுல இருந்தா போலீஸ்காரன் என்ன கேப்பான்? உனக்கு இது எப்படி வந்துச்சு, நீ யாரோட ஆளுன்னு கேப்பான். விசாரணையே இல்லாம உள்ள வச்சிருவாங்க. உன்னக் கப்பலேத்துவாங்க. என்னையும் சேத்து."

மடியிலிருந்த பட்டைச் சரசரவென்று சுருட்டினேன். எரித்துவிடலாம் என்றேன்.

"பட்ட எரிச்சா மயிர் கருகுன நாத்தம் அடிக்கும்" என்றாள் அக்கா. "லயம் பூரா வந்து என்னா என்னான்னு கேக்கும்."

புதைத்தால் நாய் தோண்டும். திருப்பிக் கொடுத்தால் ரொக்கியா அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி வாசலைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் அவளையே யாராவது சோதித்தால்? மறுநாள் மத்தியானம் அக்கா அவளை ஆள்விட்டு அழைத்தாள். ரொக்கியா வந்ததும் எங்கள் முகங்களைப் பார்த்தாள், கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சி போச்சா?"

"தெரிஞ்சி போச்சு" என்றார் அத்தான். "ஏம்மா எங்க தலையில போட்ட?"

அவளுடைய அண்ணன் பையனாக இருந்தபோது டுரியான் மரத்தில் தொங்கியதை அவிழ்த்துக்கொண்டு வந்தானாம். கட்டத் துணியில்லாத காலம். அம்மா பாதியில் உள்பாவாடை தைத்தாள், மீதியைப் பெட்டியில் வைத்தாள். அந்த அண்ணன் இப்போது போலீஸ். போன மாசம் கம்பத்தில் வீடுவீடாகச் சோதனை நடந்தது. அவர்கள் வீட்டுக்கு வருமுன் இருட்டிவிட்டதால் நிறுத்திவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அம்மா சாப்பிடுவதில்லை.

"அண்ணன் வேலை போகும். என் வேலையும் போகும். வேலை போனாப் பரவால்ல லா, ஆளையே கொண்டு போயிடுவாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சேலைய வலையா பண்றீங்க. பண்ணுனப்பறம் அது சேலைன்னு யாருக்கும் தெரியல. அதான் கொண்டு வந்தேன். ஏமாத்தணும்னு இல்ல."

அத்தான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னாள். "இவ வீட்டுலேர்ந்து வந்துச்சு. இவ வாசல் வழியாவே வெளிய போகட்டும். பின்னி முடிடா."

அந்த வாரம் நான் பின்னிய வேகத்தில் வாழ்நாளில் பின்னியதில்லை. எண்கள் இருந்த மூலையை அக்கா வெட்டி அடுப்பில் போட்டாள். போடுமுன் சட்டியில் கருவாட்டை இட்டு வறுத்தாள். அந்த நாற்றத்தில் வேறு எந்த நாற்றமும் எழ முடியாது. முறுக்கிய பட்டை மங்குஸ்தான் தோல் கொதிநீரில் ஊறப்போட்டதும் வெள்ளை போய்ப் பழுப்பானது. நான்கு பை வந்தன.

தைலம்மாவிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரியாமல் ஒருத்தி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. சொன்னேன். கேட்டுவிட்டுப் பையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"ஆகாசத்துலேர்ந்து விழுந்ததா? அப்ப கெட்டியாத்தான் இருக்கும்" என்றாள். சிவப்புப் பையை மகளிடம் கொடுத்துவிட்டுப் பழுப்புப் பையைத் தான் எடுத்துக்கொண்டாள். வாய் கெட்டியான மூன்று பேரை அவளே தேர்ந்தெடுத்து விஷயத்தைச் சொல்லி மற்றதைக் கொடுத்தாள்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் விடியும் நேரத்தில் வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. உயரமான வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இறங்கினார். இந்தத் தோட்டத்தில் மட்டும் பெண்கள் வரிசை சீக்கிரம் முடிந்துவிடுகிறதாம். சீக்கிரம் முடிந்தால் சரியாகச் சோதிக்கவில்லை என்று அர்த்தம் என்று ரொக்கியாவிடம் மலாயில் சத்தம் போட்டார். அவள் விறைப்பாக நின்றாள். அவர் வரிசையில் முன்னால் நின்றவளின் தோளிலிருந்து பையைத் தானே எடுத்தார். முன்னால் நின்றவள் தைலம்மா.

அவர் பையின் இழையை விரல்களுக்கிடையே உருட்டினார். இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"சுத்தரா?" என்று கேட்டார். பட்டா என்று அர்த்தம்.

ரொக்கியாவின் உதடு வெளுத்ததை நான் பார்த்தேன். என் பக்கத்தில் அத்தான் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

"நனாஸ், துவான்!" என்றாள் தைலம்மா, சந்தைக் குரலில். "அன்னாசி! நனாஸ்!" கைப்பிடியைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே காட்டினாள். அது நிஜமாகவே அன்னாசி நார்தான்.

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. பிடிபட்ட அரிசி வைத்திருந்த தகர டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். பையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, இரண்டு கை நிறைய அரிசியை அள்ளி அதற்குள் கொட்டினார்.

அரிசி ஒரு நொடிகூட நிற்கவில்லை. உள்ளே விழுந்தது அப்படியே அடிவழியாகக் கொட்டி அவருடைய பூட்ஸ்மேல் குவிந்தது. வேலிக்குள் திரிந்த கோழிகள் எங்கிருந்தோ ஓடி வந்தன. ஒரு சேவல் அவர் பூட்ஸ் லேஸைக் கொத்தியது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள். அதிகாரி சேவலைப் பார்த்தார், காலிப் பையைப் பார்த்தார், கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். சிவந்த முகம் இன்னும் சிவந்தது.

கெட்டிக்காரத்தனமான சாமான் என்று ரொக்கியாவிடம் சொன்னாராம். தன் மனைவி சிரம்பான் சந்தைக்குப் போகும்போது இதுமாதிரிதான் தேடிக்கொண்டிருந்தாளாம். எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டே, தைலம்மாவின் பதிலுக்குக் காத்திராமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தைலம்மா உளியையும் போத்தலையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். ஜீப் கிளம்பியபோது அந்தப் பழுப்புப் பைக்குள் அவருடைய தொப்பியும் தோட்டத்து வரைபடமும் தெரிந்தன.

"போவுது பாருங்க" என்றாள் தைலம்மா, என் பக்கம் திரும்பாமல்.

அன்று மத்தியானம் ரொக்கியா எங்கள் வீட்டுக்கு வந்து அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையானது. அக்கா அவளுக்குக் காப்பி கொடுத்தாள். பட்டு வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அவள் அம்மா மூன்று வேளையும் சாப்பிடுகிறாளாம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். நான் அங்கே தங்கும் அனுமதி முடிய ஐந்து நாள் இருந்தபோது, ரொக்கியா காக்கிச் சட்டையோடேயே ஓடிவந்தாள்.

"அந்த ஜீப் துவான் பொண்டாட்டிக்கு இன்னொரு பை வேணுமாம். இதேபோல கெட்டியா." மூச்சு வாங்கினாள். "வெள்ளையா."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வெள்ளைப் பட்டு வீட்டில் ஒரு முழம்கூட இல்லை என்பதில் எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! தைலம்மா ஏற்கெனவே அரிவாளை எடுத்துக்கொண்டு பின்புறம் போய்க்கொண்டிருந்தாள். தோட்டத்தில் இருந்த அன்னாசி இலை எல்லாம் அறுபட்டன. தைலம்மா வழித்தாள், ரொக்கியா அலசினாள், அக்கா முடிச்சுப்போட்டு நீட்டினாள், நான் பின்னினேன். அடி முதல் கைப்பிடிவரை முழுக்க நார். விரல் தோல் உரிந்துவிட்டது. ஆனால் வெயிலில் காய்ந்து முடிந்ததும் அது தந்தம் போல இருந்தது. குன்னூரில் எந்தத் துரைசானியிடமும் இப்படி ஒரு பை கிடையாது.

நான் புறப்பட்ட காலை, இரும்புத் தகட்டு லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. என் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. பையை வாங்கிக்கொள்ள அதிகாரியே வந்திருந்தார். கையில் ஏந்திப் பார்த்தார். பழக்கதோஷம்போல மூக்கருகே கொண்டுபோனார்.

"நனாஸ்?" என்று கேட்டார்.

"நனாஸ், துவான்" என்றோம் நானும் அக்காவும் தைலம்மாவும் ரொக்கியாவும் ஒரே குரலில். இந்தத் தடவை அது அடி முதல் கைப்பிடிவரை நிஜம்.